வேலிக் கள்ளிப்பழத்தில் ஜாம்: தொண்டையில் குத்துகிறது, பதமும் வரவில்லை

கேள்வி: விளாத்திகுளம் பக்கம் எங்களுக்கு மானாவாரிக் கரிசல் நிலம். இரண்டு பக்க வேலியிலும் சப்பாத்திக்கள்ளி. பழம் வீணாகிறதே என்று ஒரு காணொளியைப் பார்த்து ஜாம் செய்தோம். முள்ளைத் தேய்த்துவிட்டு, தோலோடு நறுக்கி மிக்ஸியில் அடித்து, டீ வடிகட்டியில் வடித்து, கிலோவுக்கு அரைக் கிலோ சர்க்கரை சேர்த்துக் காய்ச்சினோம். இறுகவே இல்லை, பாகாக நின்றது. மறுபடி ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டதில் நிறம் மங்கிப் பழுப்பாகிவிட்டது. தொட்டால் நூல் இழுக்கிறது. சாப்பிட்டால் தொண்டையில் சுருக்கென்கிறது. எங்கே தவறு? வேலியில் சில மடல்களில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருக்கிறது. மருந்து அடிக்கலாமா? ஜாம் சரியாக வந்தால் விற்கலாமா?

பதில்: முதலில் அந்த ஜாமை யாருக்கும் கொடுக்காதீர்கள், கொட்டிவிடுங்கள். சர்க்கரை போட்ட பண்டமாயிற்றே என்று மனசு கேட்காதுதான். ஆனால் தொண்டையில் குத்துவது முள். எவ்வளவு காய்ச்சினாலும் அது கரையாது. சாப்பிட்டவர்களுக்கு இரண்டு நாளாகியும் உறுத்தல் இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

சப்பாத்திக்கள்ளியில் நீளமான முள் நமக்கு எதிரி இல்லை, அது கண்ணுக்குத் தெரியும். பழத்தின் மேல் புள்ளி புள்ளியாகக் கொத்தாக இருக்கும் மயிர்முள்தான் வில்லங்கம். ஒவ்வொன்றிலும் பின்னோக்கி வளைந்த நுண்ணிய கொக்கிகள் இருப்பதால், குத்தினால் உள்ளே போகுமே தவிர வெளியே வராது. நீங்கள் தோலோடு மிக்ஸியில் அடித்தபோது, தேய்த்ததில் போகாமல் இருந்த மயிர்முள் எல்லாம் துண்டு துண்டாகிக் கூழில் கலந்துவிட்டது. டீ வடிகட்டியின் கண் அதற்கு மிகப் பெரியது. தோலில் நிறம் இருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் சதையிலேயே வேண்டிய நிறம் இருக்கிறது. தோல் வேண்டாம்.

பறிப்பதிலிருந்தே தொடங்குவோம். காற்றடிக்கும் நேரத்தில் பறிக்கக் கூடாது, மயிர்முள் பறந்து கண்ணில் விழும். பனி ஈரம் காயாத விடியற்காலையில் பறியுங்கள். கையுறை போட்டிருந்தாலும் நீளமான இடுக்கியால் பிடித்துத் திருகி எடுப்பதே நல்லது. இந்தப் பழம் பறித்த பிறகு பழுக்காது. அதனால் முழுக்கக் கருஞ்சிவப்பாகி, இடுக்கியில் அழுத்தினால் லேசாக அமுங்கும் பழமாக மட்டும் எடுங்கள். பச்சை ஓடியதை விட்டுவிடுங்கள். (பால் வடிகிற கள்ளி வகை எதுவும் இந்த வேலைக்கு ஆகாது. சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் வேறு குடும்பம், அவற்றின் பால் நஞ்சு. உங்களுக்குத் தெரிந்திருக்கும், பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.)

மணலில் போட்டு விளக்குமாற்றால் உருட்டுவது ஆடு மேய்க்கும் பிள்ளைகள் செய்கிற வழி. நின்ற இடத்தில் இரண்டு பழம் தின்ன அது போதும், ஜாமுக்குப் போதாது. நெருப்புதான் சரி. இடுக்கியில் பிடித்துப் பனையோலைத் தீயிலோ அடுப்புச் சுவாலையிலோ எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்டினால் மயிர்முள் பொசுங்கிப் போகும். தோல் கருக வேண்டியதில்லை. பிறகு ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, நார்த் தூரிகையால் தேய்த்து, தண்ணீரை இரண்டு முறை மாற்றுங்கள். அடுத்து இரண்டு முனையையும் தாராளமாக வெட்டி எறியுங்கள். உச்சியில் பூ உதிர்ந்த பள்ளத்தில்தான் மயிர்முள் அதிகமாக ஒளிந்திருக்கும். நெடுக ஒரு கீறல் போட்டுத் தோலை விரித்தால் சதை உருண்டையாகக் கழன்று வரும்.

கையில் முள் ஏறிவிட்டால் தேய்க்காதீர்கள், வாயால் கடித்து எடுக்கவும் வேண்டாம். தெரிகிறதை முள்வாங்கியால் எடுத்துவிட்டு, வெள்ளைப் பசையை மெல்லத் தடவி, மேலே ஒரு மெல்லிய துணியை ஒட்டி, காய்ந்ததும் உரித்தால் மிச்சமும் பெரும்பாலும் வந்துவிடும்.

சதையை மிக்ஸியில் போடாதீர்கள். விதை கல்லாக இருக்கும், உடைந்தால் நறநறவென்று வாய் முழுக்க மணல். விதையோடு நிறையத் தின்றால் மலம் கட்டிக்கொள்ளும் என்பதும் மெய்தான். சதையைக் கால் டம்ளர் தண்ணீரோடு மூடி போட்டு ஐந்து நிமிடம் சூடாக்கி, மத்தால் மசியுங்கள். சல்லடையில் தேய்த்து விதையை நீக்குங்கள். பிறகு பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து, சாற்றை அதில் ஊற்றித் தானாக வடியவிடுங்கள். முறுக்கிப் பிழியக் கூடாது. பிழிந்தால் தப்பித் தவறி இருக்கும் முள் துணியைத் தாண்டிவிடும். நேரம் பிடிக்கும், ராத்திரி கட்டித் தொங்கவிட்டுக் காலையில் பாருங்கள். வெயில் காலமாக இருந்தால் பிரிட்ஜில் வைத்து வடிக்க வேண்டும், இல்லாவிட்டால் புளித்துவிடும்.

இனி ஏன் இறுகவில்லை என்பது. ஜாம் பதம் வர மூன்றும் கூடிவர வேண்டும்: பெக்டின் (பழத்திலேயே இருக்கும், ஜாமை இறுகவைக்கும் பொருள்), புளிப்பு, சர்க்கரை. கள்ளிப்பழத்தில் பெக்டின் குறைவு, வழவழப்புப் பசை அதிகம். நீங்கள் பார்த்த நூல் அந்தப் பசைதான். எவ்வளவு கொதிக்கவிட்டாலும் அது ஜாமாகத் திரளாது. காணொளியில் காட்டியது அநேகமாக மெக்சிகோவிலும் சிசிலியிலும் தோட்டமாகவே வளர்க்கிற பெரிய பழமாக இருக்கும். நம் வேலிப்பழம் சிறுசு, விதை அதிகம், லேசாகப் புளிக்கும். அந்தக் கணக்கு இதற்கு ஒத்துவராது. உங்கள் அரைக் கிலோ சர்க்கரையும் குறைச்சல். வெந்து முடிந்த ஜாமில் நூற்றுக்கு 65 பங்காவது கரைந்த திடப்பொருள் (பெரும்பாலும் சர்க்கரைதான்) இருக்க வேண்டும், அதற்குக் கீழே போனால் கெட்டுப்போகும்.

கடையில் பெக்டின் தூள் வாங்கலாம். ஆனால் உங்கள் ஊரில் கொய்யாவும் விளாம்பழமும் கிடைக்கும்போது அது தேவையில்லை. என் விருப்பம் விளாம்பழம்: பெக்டினும் புளிப்பும் ஒன்றாகவே வந்துவிடும், வாசனையும் கள்ளிப்பழத்தோடு சேரும். கொய்யா என்றால் செங்காயாகப் பாருங்கள், கனிந்ததில் பெக்டின் குறைந்திருக்கும். எதுவானாலும் நறுக்கி, முழுகும் அளவு தண்ணீரில் அரை மணி நேரம் மெல்ல வேகவைத்து, பிழியாமல் வடித்துக்கொள்ளுங்கள்.

கள்ளிச் சாறு 600 கிராம், இந்த வடிநீர் 400 கிராம், சர்க்கரை 850 கிராம், இரண்டு பெரிய எலுமிச்சையின் சாறு. விளாம்பழம் நல்ல புளிப்பாக இருந்தால் ஒரு எலுமிச்சை போதும். அகலமான எவர்சில்வர் பாத்திரமாக எடுங்கள். இரும்பு, செம்பு இரண்டும் நிறத்தைக் கெடுக்கும். அலுமினியம் புளிப்புக்கு ஆகாது. ஒரே நேரத்தில் இதற்கு மேல் செய்யவும் வேண்டாம். பீட்ரூட்டில் இருக்கும் அதே வகை நிறமிதான் இதிலும் இருக்கிறது, நீண்ட நேரச் சூடு அதற்கு ஆகாது. உங்கள் ஜாம் பழுப்பானது அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

அதனால் முதலில் கொய்யா அல்லது விளாம்பழ வடிநீரைச் சர்க்கரையோடு காய்ச்சிக் கெட்டியாக்குங்கள். பிறகு கள்ளிச் சாற்றை ஊற்றி, பெருந்தீயில் கிளறிக்கொண்டே கொதிக்கவிடுங்கள். எலுமிச்சைச் சாறு கடைசியில். வெப்பமானி இருந்தால் 105 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்கலாம். இல்லையென்றால் கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள்: சொட்டுச் சொட்டாக ஒழுகினால் இன்னும் வேண்டும், இரண்டு சொட்டு சேர்ந்து தகடாக விழுந்தால் பதம். தராசு இருந்தால் இன்னும் எளிது, 1,850 கிராமில் தொடங்கியது 1,400 கிராம் அளவுக்கு வந்திருக்கும். கொதிநீரில் வேகவைத்துக் காயவைத்த கண்ணாடிப் புட்டியில் சூடாகவே ஊற்றி மூடுங்கள். வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள், திறந்த பிறகு பிரிட்ஜில். சாப்பிட்டபின் சிறுநீர் சிவந்தால் பதற வேண்டாம், அந்த நிறம்தான்.

வெள்ளைப் பஞ்சுக்கு வருகிறேன். அது நோய் இல்லை, கோச்சினீல் என்ற பூச்சி. குச்சியால் நசுக்கினால் ரத்தச் சிவப்பில் சாயம் வரும். சப்பாத்திக்கள்ளியே அமெரிக்காவிலிருந்து வந்த செடி. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் அந்தச் சிவப்புச் சாயத்துக்கு ஆசைப்பட்டு 1795இல் பிரேசிலிலிருந்து பூச்சியைக் கொண்டுவந்தார்கள். வந்தது நல்ல சாயம் தரும் இனம் இல்லை, அதன் மட்டமான உறவு. அது ஒரு வகைக் கள்ளியை மட்டும் தின்று தீர்த்தது. நம் வேலியில் நிற்பதை அது தொடவில்லை. தென்னாட்டில் காடாக மண்டிய இந்தக் கள்ளியை அடக்க, 1926இல் இலங்கையிலிருந்து இன்னொரு இனத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். உங்கள் வேலியில் இருப்பது பெரும்பாலும் அதன் வாரிசு. மருந்து அடிக்காதீர்கள், தின்னப் போகிற பழம். பஞ்சு பிடித்த மடலை வெட்டிப் புதைத்து, மற்றதில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் போதும். வேலி கொஞ்சம் மெலிந்தாலும் எனக்கு வருத்தமில்லை.

விற்பனை செய்யலாம், ஆனால் ஒரு பருவம் வீட்டுக்கும் உறவுக்கும் செய்து கை பழகட்டும். விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு கட்டாயம். சிறு உற்பத்தியாளர்களுக்கான எளிய பதிவு இருக்கிறது, மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். ஜாம் என்று பெயர் போட்டு விற்க நூற்றுக்கு 45 பங்கு பழம் இருக்க வேண்டும் என்பது விதி, மேலே சொன்ன அளவில் அது தாண்டிவிடும். 'சர்க்கரை நோய்க்கு நல்லது', 'ரத்தம் ஊறும்' என்றெல்லாம் சீட்டில் எழுதாதீர்கள். பாதிக்கு மேல் சர்க்கரை இருக்கிற பண்டம் அது. இதை நம்பிப் புதிதாகக் கள்ளி நடவும் வேண்டாம், இருக்கிற வேலியே தாராளம். உரித்த தோலையும் விதையையும் ஆட்டுக்குப் போடாமல், குப்பைமேட்டிலும் கொட்டாமல், இரண்டடிக் குழியில் புதையுங்கள். எருவோடு நிலத்துக்குப் போனால் விதை முளைக்கும், முள் காலில் ஏறும்.