கையில் கட்டிய கயிறு: சாதியும் முன்முடிவும் குறித்துக் கேள்வி பதில்

கல்லூரியில் சமூக உளவியல் நடத்தியவள் நான். சாதி, முன்முடிவு பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (திருநெல்வேலிப் பக்கம் ஓர் ஆசிரியை): மேடம், என் ஆறாம் வகுப்புப் பையன்கள் சாதிக்கொரு நிறத்தில் கையில் கயிறு கட்டி வருகிறார்கள். இந்த வயதில் இவ்வளவு வெறுப்பு எங்கிருந்து வருகிறது?

பதில்: டீச்சர், வெறுப்பே தேவையில்லை. 'நாங்க, அவங்க' என்று பிரித்துவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். ஹென்றி தாஜ்ஃபெல் என்ற சமூக உளவியலாளர் இதை இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 14, 15 வயதுப் பையன்களிடம் சோதித்து 1971-க்குள் வெளியிட்டார். திரையில் புள்ளிகளைக் காட்டி எத்தனை என்று கேட்டார். அப்புறம், கூட்டிச் சொன்னவர்கள் ஒரு குழு, குறைத்துச் சொன்னவர்கள் ஒரு குழு என்றார். உண்மையில் பிரித்தது குருட்டாம்போக்கில்தான். தன் குழுவில் யார் யார் என்றுகூட எவனுக்கும் தெரியாது. ஆனாலும் காசைப் பங்கிடச் சொன்னால் தன் குழுவுக்கே கூடுதலாகக் கொடுத்தார்கள். தங்கள் குழுவுக்கு வருவது குறைந்தாலும் சரி, அடுத்த குழுவைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்ற போக்கும் தெரிந்தது. தாஜ்ஃபெல் போலந்து யூதர். நாஜிகள் அவர் குடும்பத்தையே அழித்தவர்கள். அவருக்கு இது வெறும் ஆய்வுக் கேள்வி இல்லை.

ஆனால் அந்தப் புள்ளிகளுக்குப் பின்னால் நிலம் இல்லை, கோயில் மரியாதை இல்லை, அரிவாள் இல்லை. உங்கள் பையன் கட்டியிருக்கும் கயிற்றுக்குப் பின்னால் இவை எல்லாம் இருக்கின்றன. 2023-இல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024-இல் இந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. செய்தே ஆக வேண்டும் என்பதுதான் என் கருத்து.

கேள்வி: ஒரே வகுப்பில்தானே இருக்கிறார்கள்? பழகப் பழகச் சரியாகிவிடாதா?

பதில்: பழகினால் மட்டும் போதாது. 1954-இல் முசாபர் ஷெரீஃப் என்ற சமூக உளவியலாளர் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 22 சிறுவர்களை இரண்டு அணியாக்கி ஒரு முகாமில் தங்கவைத்தார். போட்டி வைத்ததும் கொடியை எரித்தார்கள், ஒருவர் குடிலை இன்னொருவர் சூறையாடினார்கள். சமாதானத்துக்காக ஒன்றாகச் சாப்பிட உட்காரவைத்தால், சாப்பாட்டை எடுத்து எறிந்துகொண்டார்கள்! பிறகு தண்ணீர் வராமல் செய்தார். எல்லோரும் சேர்ந்து கோளாறைத் தேடினார்கள். சாப்பாட்டு லாரி கிளம்பவில்லை என்றதும், கயிறிழுக்கும் போட்டியில் எதிரெதிரே பிடித்த அதே கயிற்றை லாரியில் கட்டி எல்லோரும் ஒரே பக்கம் நின்று இழுத்தார்கள். பகை தணிந்தது அதற்குப் பிறகுதான்.

நம் நாட்டிலும் சான்று உண்டு. உத்தரப் பிரதேசத்தில் மேத்யூ லோ என்ற பொருளியலாளர் பல சாதி இளைஞர்களை வைத்துக் கிரிக்கெட் போட்டிகள் நடத்தினார். ஒரே அணியில் கலந்து ஆடியவர்களுக்குச் சாதி தாண்டி நண்பர்கள் கூடினார்கள். எதிரணியாகச் சந்தித்தவர்களிடம் அந்தப் பலன் இல்லை. அதனால் டீச்சர், உங்கள் கபடி அணியை நீங்களே பிரியுங்கள். பையன்களிடம் விடாதீர்கள்.

கேள்வி (ஒரு தகப்பனார்): உதவித்தொகைக்காக "எஸ்சி பசங்க எழுந்திரிங்க" என்று வகுப்பில் சொன்னார்களாம். அன்றிலிருந்து என் மகன் கணக்குப் பாடத்தில் கையே தூக்குவதில்லை. இது என் பிரமையா?

பதில்: பிரமை இல்லை ஐயா. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற ஆய்வாளர்கள் இருவரும் உத்தரப் பிரதேசத்துப் பள்ளி மாணவர்களிடம் வழிகண்டுபிடிப்புப் புதிர்களைக் கொடுத்தார்கள். சாதியைச் சொல்லாதபோது ஒடுக்கப்பட்ட சாதி மாணவர்கள் மற்றவர்களுக்குச் சமமாகவே போட்டார்கள். எல்லோர் முன்னும் சாதியை வாசித்த குழுக்களில் அவர்கள் போட்ட புதிர்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டது. மூளை ஒன்றுதான். தலைமை ஆசிரியரைப் பாருங்கள். பட்டியலை அலுவலக அறையில் வைத்து ஒவ்வொருவராகக் கூப்பிடச் சொல்லுங்கள். அது சலுகை இல்லை, உங்கள் பிள்ளையின் உரிமை.

கேள்வி: கூட்டம் சேர்வது மனித இயல்புதானே?

பதில்: கூட்டம் சேர்வது இயல்பு. யார் எந்தக் கூட்டம், யார் மேல், யார் கீழ் என்பதை மனிதர்கள்தான் வகுத்தார்கள்.

கேள்வி (கல்லூரி மாணவி): தேங்காய் பறிக்க வருபவருக்குப் பாட்டி தனி டம்ளர் வைத்திருக்கிறார். எப்படிப் பேசிப் புரியவைப்பது?

பதில்: பேசுவது அப்புறம் இருக்கட்டும் கண்ணு, முதலில் டம்ளரை எடு. எங்கள் வீட்டிலும் வேலைக்கு வருபவருக்கென்று கூரை இறவாணத்தில் ஒரு நசுங்கிய அலுமினிய டம்ளர் செருகியிருக்கும். ஒருநாள் அம்மா ஒன்றும் சொல்லாமல் நாங்கள் குடிக்கும் எவர்சில்வர் டம்ளரில் காபி ஊற்றிக் கொடுத்தாள். வாங்கியவர் குடிக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். ஆச்சி இரண்டு நாள் அம்மாவிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் "உப்பு எங்க?" என்று கேட்டாள். அந்த அலுமினிய டம்ளரை அதன்பிறகு நான் பார்க்கவில்லை.