தொட்டித் தண்ணீர் மஞ்சளாகிறது, பவுடரைக் கூட்டலாமா?

கேள்வி: எங்கள் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும்போது தெளிவாகத்தான் இருக்கிறது. மேல்தொட்டியில் ஒரு ராத்திரி கிடந்தால் மஞ்சளடித்து, எண்ணெய் மாதிரி படலம் மிதக்கிறது, நாற்றமும் வருகிறது. வாரம் ஒருமுறை பிளீச்சிங் பவுடர் போட்டும் மறுநாளே பழையபடி ஆகிவிடுகிறது. அளவைக் கூட்டலாமா? குடிக்க, கொதிக்க வைத்தால் போதுமா?

பதில்: கூட்டாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. கரைந்திருக்கும்போது நிறம் தெரியாது, காற்றுப் பட்டதும் துருவாக மாறி அடியில் படியும். அந்தப் படலத்தை ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். சில்லு சில்லாக உடைந்து அப்படியே நின்றால் அது இரும்பைத் தின்று வளரும் பாக்டீரியா, எண்ணெயாக இருந்தால் மறுபடி ஒன்றுசேர்ந்துவிடும்.

போடுகிற பவுடரில் உள்ள குளோரினை அடியில் கிடக்கும் இந்த வண்டல்தான் முதலில் குடித்துவிடுகிறது, கிருமிக்கு மிச்சம் கிடைப்பதில்லை. அதோடு தினமும் புதுத் தண்ணீர் ஏறும் தொட்டிக்கு வாரம் ஒருமுறை மருந்து என்றால், மற்ற ஆறு நாளும் வெறும் தண்ணீரைத்தான் பிடிக்கிறீர்கள்.

முதலில் தொட்டியைக் காலி செய்து, தேய்த்து, வண்டலை முழுக்க வெளியேற்றுங்கள். உள்ளே ஒருவர் இறங்கினால் வெளியே இன்னொருவர் நின்றே ஆக வேண்டும். துருக்கறை போக ஆசிட் ஊற்றும் பழக்கம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள், பிளீச்சிங் பவுடரோடு அது சேர்ந்தால் விஷவாயு கிளம்பும். அப்புறம் தொட்டியை நிரப்பி, 1000 லிட்டருக்கு 200 கிராம் பவுடர் என்று கணக்கு வைத்து வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு தெளிவை மட்டும் ஊற்றுங்கள். எல்லாக் குழாயையும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடி, 12 மணி நேரம் விட்டு, முழுவதையும் கொட்டிவிட வேண்டும். அந்தத் தண்ணீரை வாயில் வைக்கக் கூடாது.

இனி தினசரி அளவு. 25 சதவீதக் குளோரின் உள்ள பவுடர் 4 கிராமை 1000 லிட்டருக்குப் போட்டால் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆகும். அரை மணி நேரம் கழித்து, குளோரின் அளவைக் காட்டும் சோதனைப் பட்டையில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் அளவில் மிச்சம் காட்டினால் சரி. ஒன்றுமே காட்டவில்லை என்றால் இரும்போ அழுக்கோ இன்னும் இருக்கிறது. திறந்தே கிடந்த பழைய பவுடர் வீரியம் இழந்திருக்கும், அதை நம்பி அளக்காதீர்கள்.

இரும்பு நிறைய என்றால் மருந்தால் மட்டும் தீராது. தண்ணீர் விழும் இடத்தில் பூவாளி மாதிரி துளைக்குழாய் வைத்துக் காற்றுப் பட விட்டு, தனித் தொட்டியில் தெளியவைத்து, மணல் வடிகட்டி வழியாக மேலே ஏற்றுங்கள். வீட்டுக்கு எடுக்கும் குழாய் தொட்டியின் அடித்தரையிலிருந்து சில அங்குலம் உயரத்தில் இருக்கட்டும், கழிவுக்குழாய் அடிமட்டத்தில். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், வெயில் பட்டால் குளோரின் சீக்கிரம் போய்விடும்.

குடிக்கக் கொதிக்க வைப்பது கிருமிக்குப் போதும். ஆனால் நைட்ரேட் (உரம், சாக்கடை வழியாகக் கிணற்றில் சேரும் உப்பு, கைக்குழந்தைக்குக் கேடு) இருந்தால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அது இன்னும் செறிவாகும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்தத் தண்ணீரில் பால்மாவு கரைப்பதாக இருந்தால், ஆய்வகத்தில் நைட்ரேட்டும் ஈ.கோலியும் (மலக்கழிவு கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) பார்த்த பிறகே கொடுங்கள், அதுவரை வேறு நல்ல தண்ணீர் வாங்கியாவது சமாளியுங்கள்.