ஐந்தாவது பெயர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் தம்பிக்கு நாற்பது வயதைக் கடந்தபின் ஆட்டிசம் உறுதிசெய்யப்பட்டதைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியிருந்தீர்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதத் தோன்றியது. எனக்கு வயது 39. பதின்வயதிலிருந்தே ஒற்றைத் தலைவலி உண்டு. இருபதுகளின் தொடக்கத்திலிருந்து மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, கவனம் சிதறுவதும் நிலைகொள்ளாத துடிப்பும் கொண்ட ஏடிஎச்டி இருப்பதாகச் சொன்னார்கள். சென்ற மாதம், நீண்ட மதிப்பீட்டுக்குப் பிறகு, ஆட்டிசமும் இருக்கிறது என்று உளவியலாளர் அறிக்கை கொடுத்திருக்கிறார்.

அறிக்கையைப் படித்ததும் முதலில் வந்தது பெரிய நிம்மதி. பிறகு காரணம் தெரியாத அழுகை. இப்போது கோபம். இத்தனை ஆண்டுகளில் இத்தனை மருத்துவர்கள் பார்த்தும் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையே என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை. வீட்டில், "ஏற்கனவே இவ்வளவு இருக்கிறதே, இன்னும் ஒன்றா?" என்றார்கள். கவலையில்தான் கேட்டார்கள். ஆனால் அதே கேள்வி எனக்குள்ளும் இருக்கிறது. எனக்கிருக்கும் ஐந்து பெயர்களையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், அதில் நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை. எது என் இயல்பு, எது நோய்? மற்றவர்களோடு சிரித்துப் பேசிய நான் வெறும் நடிப்புதானா? இதை மனதளவில் எப்படி ஏற்றுக்கொள்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்களை அடையாளம் காட்டக்கூடிய பகுதிகளை நீக்கிவிட்டுக் கடிதத்தை வெளியிட்டிருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. தம்பியின் அருகிலிருந்து பார்த்ததையும், அவனைப் புரிந்துகொள்வதற்காகத் தேடிப் படித்ததையும் வைத்தே எழுதுகிறேன்.

நிம்மதியும் அழுகையும் கோபமும் மாறி மாறி வருவதால் நீங்கள் இதை ஏற்றுக்கொள்ளவில்லை என்று ஆகிவிடாது. அவை வரிசையாக வந்து வரிசையாக விடைபெற வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. என் தம்பி அறிக்கை கைக்கு வந்த அன்று எதுவும் நடக்காததுபோலச் சாப்பிட்டான், வழக்கமான நேரத்துக்குத் தூங்கப் போனான். பல வாரங்களுக்குப் பிறகு ஏதோ சான்றிதழைத் தேடும்போது அகப்பட்ட பழைய பள்ளி மதிப்பெண் அட்டையில் 'திறமை உண்டு, முயற்சி போதாது' என்று ஆசிரியர் எழுதியிருந்த வரியைப் பார்த்துவிட்டு, அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே அன்று முழுவதும் அழுதான்.

அவனுக்கு அவ்வளவு தாமதமாக அழுகை வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது உங்களுக்கும் பொருந்தக்கூடும். தான் என்ன உணர்கிறோம் என்பதைத் தானே இனம்காண முடியாமல் தடுமாறும் நிலைக்கு அலெக்சிதைமியா என்று பெயர். ஆட்டிசம் உள்ள எல்லோருக்கும் அது இருப்பதில்லை என்றாலும், அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் அது காணப்படுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. மற்றவர்களிடையே அது இருபதில் ஒருவர் என்ற அளவில்தான் இருக்கிறது. 'மனதளவில் எப்படி ஏற்றுக்கொள்வது' என்ற கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் யோசனைகள் எல்லாம் உங்கள் உணர்ச்சிகளை உற்றுக் கவனியுங்கள் என்றே தொடங்குகின்றன. கவனித்தும் ஒன்றும் பிடிபடவில்லை என்றால், இதிலும் தோற்றுவிட்டேன் என்று அதையும் உங்கள் கணக்கிலேயே எழுதிக்கொள்வீர்கள். எனவே உடலிலிருந்து தொடங்குங்கள். தாடை இறுகியிருக்கிறதா, தோள்கள் காதுவரை ஏறியிருக்கின்றனவா, கடைசியாகத் தண்ணீர் குடித்தது எப்போது, அறையின் ஓசை எந்த நேரத்திலிருந்து பொறுக்க முடியாமல் போனது என்று பாருங்கள். பதற்றம் என்று நம்பி என் தம்பி நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்த பல மாலைகளில் அவனுக்கு இருந்தது வெறும் பசி.

இனி, 'இன்னும் ஒன்றா?' என்ற கேள்விக்கு வருகிறேன். நீங்கள் தாளில் எழுதிய பட்டியலில் ஆட்டிசம் கடைசியாக இருப்பது, அது கடைசியாகக் கண்டுபிடிக்கப்பட்டதால்தான். ஆட்டிசம் மூளையின் வளர்ச்சியோடு சேர்ந்தது; பிறவியிலேயே உங்களோடு வந்தது. மனச்சோர்வு தொடங்குவதற்கு முன்பும், முதல் தலைவலி வருவதற்கு முன்பும் அது இருந்தது. ஆகவே சென்ற மாதம் உங்களுக்குப் புதிதாக எதுவும் வந்துவிடவில்லை. பட்டியலில் உள்ள மற்றவற்றைத் திரும்பவும் வாசிக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த வாசிப்பையும் அவசரமாகச் செய்து முடிக்க வேண்டியதில்லை.

உங்கள் கோபத்தைத் தணிக்க நான் முயலப் போவதில்லை. அது நியாயமான கோபம். ஆனால் அது யார்மீது, எதன்மீது போக வேண்டும் என்று தெரிந்துகொள்வது நல்லது. குழந்தைகளுக்கான மனநல மருத்துவர் லியோ கானர் 1943-இல் ஆட்டிசத்தைப் பற்றிய தன் புகழ்பெற்ற ஆய்வுரையில் விவரித்தது 11 குழந்தைகளை. அவர்களில் 8 பேர் சிறுவர்கள். அடுத்த ஆண்டு ஆஸ்திரிய மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் எழுதியதும் சிறுவர்களைப் பற்றியே. இப்படி, பிறரோடு ஒட்டாத ஒரு சிறுவனின் சித்திரம் மருத்துவர்களின் மனத்தில் பதிந்துபோயிற்று. நன்றாகப் படித்து, கேட்டால் பதில் சொல்லி, மற்ற பெண்களைப் பார்த்துப் பார்த்துப் பழகக் கற்றுக்கொண்ட ஒரு சிறுமி அந்தச் சித்திரத்துக்குள் வரவேயில்லை. இதைவிட வியப்பான ஒன்றும் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வகைப்பாட்டு நூலான டிஎஸ்எம், 2013-இல் ஐந்தாம் பதிப்பு வெளிவரும்வரை, ஆட்டிசம் உள்ள ஒருவருக்கு ஏடிஎச்டியும் இருப்பதாகக் குறிப்பிட அனுமதிக்கவில்லை. நீங்கள் முதன்முதலாக மருத்துவரைப் பார்க்கப் போன ஆண்டுகளில் அந்த விதியே நடைமுறையில் இருந்தது. உங்களிடம் இருப்பவை இரண்டும் ஒருவரிடமே சேர்ந்து இருக்க முடியாது என்று அன்றைய நூலே சொல்லிக்கொண்டிருந்தது. அதோடு, ஒருவருக்கு மனச்சோர்வு என்று எழுதிவிட்டால் பிறகு அவர் சொல்லும் எல்லாவற்றுக்கும் அதையே காரணமாகக் காட்டிவிடும் பழக்கம் மருத்துவத்தில் பரவலாக உண்டு. இவ்வளவையும் தெரிந்துகொண்ட பின்னும் உங்களைக் கவனித்துக் கேட்காத மருத்துவர்மீது உங்களுக்குக் கோபம் மிஞ்சினால், அது இருந்துவிட்டுப் போகட்டும். 'நான் ஒழுங்காகச் சொல்லவில்லையோ' என்று உங்கள்மீதே திரும்பும் கோபத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

அந்தப் பழக்கமே மறுபக்கமாகத் திரும்பிவிடும் ஆபத்தும் இருக்கிறது. இங்கே நான் சற்று அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். இத்தனை காலம் எல்லாவற்றுக்கும் மனச்சோர்வு காரணமாக இருந்ததுபோல, இனி எல்லாவற்றுக்கும் ஆட்டிசம் காரணமாகிவிடக் கூடாது. தம்பிக்கு ஆட்டிசம் உறுதியான அடுத்த ஆண்டில் அவனுக்குத் தூக்கம் கெட்டது, விருப்பமான இசையைக்கூடக் கேட்காமல் இருந்தான், பேச்சு குறைந்தது. ஆட்டிசம் உள்ளவர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று நாங்களும் நினைத்தோம், அவனைப் பார்த்த ஒரு மருத்துவரும் அப்படியே சொன்னார். வேறொரு மருத்துவர்தான் மனச்சோர்வு திரும்பியிருப்பதைக் கண்டுகொண்டார். மருந்தை மாற்றியபின் அவன் மெல்லத் தேறினான். ஆட்டிசத்தின் அடிப்படை இயல்புகளை மாற்றும் மருந்து எதுவும் கிடையாது, அதற்குத் தேவையும் இல்லை என்பது என் எண்ணம். ஆனால் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் சிகிச்சை உண்டு, அவற்றைத் தொடர வேண்டும். 'அப்படியானால் இத்தனை நாள் தேவையில்லாமல்தான் மாத்திரை சாப்பிட்டேனா' என்ற எண்ணத்தில் எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆட்டிசம் உள்ளவர்களிடையே தற்கொலை எண்ணம் மற்றவர்களைவிட அதிகமாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அப்படி ஒரு எண்ணம் வந்தால், அது எவ்வளவு லேசானதாகத் தோன்றினாலும், அன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடமும் மருத்துவரிடமும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

எது என் இயல்பு, எது நோய் என்று கேட்டிருக்கிறீர்கள். சிலவற்றைப் பிரித்துப் பார்க்க முடியும். உங்களைக் கீழே அழுத்துவது, வந்து போவது, இல்லாத நாட்களில் நீங்கள் நீங்களாக இருப்பதாக உணர்வது பெரும்பாலும் மனச்சோர்வாக இருக்கும். ஆட்டிசமும் ஏடிஎச்டியும் அப்படிப் பிரிபடுவதில்லை. தம்பிக்கும் இரண்டும் உண்டு. அவன் அறையில் புத்தகங்கள் உயரவாரியாக அடுக்கப்பட்டிருக்கும்; ஒன்றை இடம் மாற்றி வைத்தால் வாசலிலிருந்தே கண்டுபிடித்துவிடுவான். அதே அறையில் உள்ள மேசையின் இழுப்பறையில் பதில் எழுத வேண்டிய கடிதங்களும் பணம் கட்ட வேண்டிய கட்டணச் சீட்டுகளும் மாதக்கணக்கில் பிரிக்கப்படாமல் கிடக்கும். ஒழுங்கு இல்லாவிட்டால் அவனால் மூச்சுவிட முடியாது, அந்த ஒழுங்கைக் காப்பாற்றவும் முடியாது. மாற்றத்தைக் கண்டு நடுங்குகிறவனும் அவன்தான், ஒரே மாதிரியான வேலையில் சலித்துப்போகிறவனும் அவன்தான். இதில் எந்த இழை எதனுடையது என்று பிரித்துக்கொண்டிருந்த காலம் அவனுக்கு மிகவும் கடினமானதாக இருந்தது. நீங்கள் அந்தக் கணக்கை முடித்துத்தான் வாழத் தொடங்க வேண்டும் என்றில்லை. இந்தச் சூழலில் எனக்கு எது உதவும் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். உங்களுக்கே ஒரு வசதி இருக்கிறது: ஒற்றைத் தலைவலியும் ஆட்டிசமும் வெளிச்சத்தையும் ஓசையையும் பொறுக்க முடியாமல் செய்பவை. விளக்கின் கூச்சத்தைக் குறைப்பதும் காதுக்கு ஓய்வு கொடுப்பதும், எது காரணம் என்று தெரியாமலேயே இரண்டுக்கும் உதவும்.

நடிப்பைப் பற்றிக் கேட்டிருப்பது உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்திய இடம். கண்ணைப் பார்க்க வேண்டிய நேரத்தை மனத்துக்குள் எண்ணிக்கொண்டு பார்ப்பது, பேச வேண்டியதை முன்பே ஒத்திகை பார்த்துக்கொள்வது, மற்றவர்கள் சிரிக்கும்போது கூடவே சிரிப்பது ஆகியவற்றை நீங்கள் பொய்யாகக் கருதுகிறீர்கள். நான் அவற்றை உழைப்பாகவே கருதுகிறேன். உங்களைப் பிறர் தள்ளிவிடாமல் இருப்பதற்காக, யாரும் கற்றுக்கொடுக்காத ஒன்றைத் தனியாகக் கற்றுக்கொண்டீர்கள். அதற்குக் கொடுத்த விலை பெரியது. இப்படித் தன்னை மறைத்துக்கொள்வது அதிகமாக அதிகமாகப் பதற்றமும் மனச்சோர்வும் கூடுதலாகக் காணப்படுகின்றன என்று ஆய்வுகள் சொல்கின்றன. விருந்தினர்கள் போனபின் என் தம்பி விளக்கை அணைத்துவிட்டு, சுவரில் முதுகை ஒட்டி வெறும் தரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பான். அவர்களோடு அவன் பேசிய பேச்சில் இருந்த அன்பு உண்மையானது. அந்தத் தரையில் உட்கார்ந்திருந்த களைப்பும் உண்மையானது. மறைத்துக்கொள்ளும் பழக்கம் முழுவதையும் ஒரே நாளில் கழற்றி எறிந்துவிட வேண்டும் என்று சிலர் உங்களுக்குச் சொல்லக்கூடும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வேலை செய்யும் இடத்தில் அந்தப் பழக்கம் இன்னும் உங்களைக் காத்துக்கொண்டிருக்கலாம். முதலில் ஒரே ஒருவர் முன்னால், ஒரே ஒரு அறையில், கைகளை ஆட்ட வேண்டுமென்றால் ஆட்டி, பேசப் பிடிக்காவிட்டால் பேசாமல் இருந்து பாருங்கள்.

கைவிட்டுப்போன பழைய நட்புகளை எண்ணி வருந்துவீர்கள் என்று நினைக்கிறேன்; ஏறக்குறைய எல்லோரும் வருந்துகிறார்கள். ஆட்டிசம் உள்ளவரான சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஆட்டிசம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையே புரிதல் தவறும்போது அந்தத் தவறுதல் இரண்டு பக்கமும் நிகழ்கிறது, ஆனால் குறை ஒருவரிடம் மட்டுமே இருப்பதாகச் சொல்லப்படுகிறது என்பது அதன் சாரம். அந்த நட்புகளை நினைக்கும்போது இதையும் சேர்த்து நினையுங்கள். நீங்கள் துக்கப்படுவது ஆட்டிசத்துக்காக என்று எனக்குத் தோன்றவில்லை. சோம்பேறி, பிடிவாதக்காரி, தொட்டாற்சிணுங்கி என்றெல்லாம் சொல்லப்பட்டு அதை நம்பியும்விட்ட ஒரு சிறுமிக்காகத் துக்கப்படுகிறீர்கள். அவளுக்காக வேண்டிய மட்டும் அழுங்கள். இதைப் பெருமையாக மாற்றிக்கொள்ள வேண்டிய கட்டாயம் எதுவும் உங்களுக்கு இல்லை.

வீட்டாரைப் பற்றி ஒரு சொல். "இதெல்லாம் எல்லோருக்கும் இருப்பதுதானே, நம் வீட்டில் எல்லோரும் இப்படித்தானே" என்று அவர்கள் விரைவில் சொல்லக்கூடும். அது உங்களைப் புண்படுத்தும். ஆனால் ஆட்டிசத்தில் மரபணுக்களின் பங்கு பெரியது. அப்படிச் சொல்பவர் தன்னையே அடையாளம் கண்டு, அது தெரியாமலேயே சொல்லிக்கொண்டிருக்கலாம். வளர்ப்பில் பிழை செய்துவிட்டோமோ என்ற அச்சமும் அதில் இருக்கலாம். தாயின் அன்பின்மையே ஆட்டிசத்துக்குக் காரணம் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே சொல்லிப் பல தாய்மார்களை வதைத்தார்கள்; அந்தக் கருத்து எப்போதோ கைவிடப்பட்டுவிட்டது என்பதை உங்கள் அம்மாவிடம் நீங்களே சொல்லலாம். வெளியே யாரிடம் சொல்வது என்பதை ஆறப்போடுங்கள். சொன்னதைத் திரும்பப் பெற முடியாது.

செய்து பார்க்கச் சொல்வது ஒன்றுதான். உங்கள் ஐந்து பெயர்களையும் எழுதிய அந்தத் தாளுக்குப் பதிலாக, எல்லா மருத்துவர்களுக்கும் காட்டுவதற்கென்று ஒரு பக்கம் தயார் செய்யுங்கள். என்னென்ன மருந்து, என்ன அளவு, எந்த ஓசையும் வெளிச்சமும் உங்களுக்குத் தாங்காது, வலியும் சோர்வும் உங்கள் முகத்தில் தெரியாவிட்டாலும் இருக்கும், கேள்விகளை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்தால் நன்றாகப் பதில் சொல்ல முடியும் என்பதையெல்லாம் அதில் எழுதுங்கள். உளவியல் ஆலோசகரிடம், வயதுவந்த ஆட்டிசம் உள்ளவர்களோடு பழகிய அனுபவம் உண்டா, தன் சிகிச்சை முறையை அதற்கேற்ப மாற்றிக்கொள்வாரா என்று நேரடியாகக் கேளுங்கள். முன்பு எடுத்த சிகிச்சை உங்களுக்குப் பலன் தரவில்லை என்றால், அது உங்களுக்கேற்ப அமைக்கப்படாததும் காரணமாக இருந்திருக்கலாம். அப்படி அனுபவம் இல்லை என்று ஆலோசகர் சொன்னால் வேறொருவரைத் தேடுங்கள். தேடலில் சிரமம் இருந்தால் எனக்கு மீண்டும் எழுதுங்கள். தம்பியைப் பார்ப்பவரிடம் கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்.