பாடத்துக்குக் காசா, பேப்பருக்குக் காசா?

கே: ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் சுற்றுச்சூழல் பாடம் ஒன்றில் சேர்ந்தேன். இலவசம் என்றார்கள். இப்போது தேர்வுக்கு 1,000 ரூபாய் கேட்கிறார்கள். இது ஏமாற்று வேலைதானே? (கல்லூரி மாணவர், நெல்லை)

ப: இல்லை. பாடமும் அசைன்மென்டும் இலவசம். சான்றிதழ் வேண்டும் என்பவர்களுக்குத்தான் தேர்வும் கட்டணமும். சேரும் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள், தம்பி; படித்திருக்கலாம். நீங்கள் கவலைப்பட வேண்டியது மார்க்கைப் பற்றி. அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. முதலாவதில் 10, இரண்டாவதில் 30 என்று தனித்தனியாக எடுத்தால்தான் பாஸ். 12 வாரப் பாடம் என்றால் அதிக மார்க் வாங்கிய 8 அசைன்மென்டைத்தான் கணக்கில் எடுப்பார்கள். அதனால் நான்கு வாரம் கோட்டை விட்டாலும் பிழைத்துக்கொள்ளலாம். தேர்வை மட்டும் மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும்.

கே: ஆன்லைன் சுற்றுச்சூழல் சான்றிதழ் இருந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் வேலை கிடைக்குமா?

ப: கிடைக்காது. வேலை அறிவிப்பில் என்ன பட்டம் கேட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

கே: பள்ளியில் பசுமைப் படை (மாணவர் சுற்றுச்சூழல் மன்றம்) பொறுப்பு என்னிடம் இருப்பதால், வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தைப் பார்த்து 'சுற்றுச்சூழல் கல்வி டிப்ளமோ'வுக்கு 8,500 ரூபாய் கட்டினேன். வாரம் ஒரு நேரலை வகுப்பு, இரண்டு நாள் களப்பயணம் என்றார்கள். வந்தது 40 பிடிஎஃப் மட்டுமே. பணம் திரும்ப வராதாம். (ஆசிரியை, திண்டுக்கல்)

ப: உங்கள் மேல் தப்பே இல்லை. சொன்னதைத் தராதவர்கள் 'பணம் திரும்ப வராது' என்று ஒரு வரி எழுதிவிட்டால் தப்பித்துவிட முடியாது. விளம்பரம், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அந்தப் பக்கம் எப்போது காணாமல் போகும் என்று சொல்ல முடியாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். அதில் வேலை நடக்கவில்லை என்றால், 15 நாள் கெடு வைத்து எழுத்தில் ஒரு நோட்டீஸ். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அவர்கள் ஆபீஸ் டெல்லியில் இருந்தாலும் கவலையில்லை. நீங்கள் கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கும் இந்த விஷயத்தில் ஒரு பழைய எரிச்சல் உண்டு. 'வாழ்நாள் அனுமதி' என்று நம்பி 2,499 ரூபாய்க்குப் பறவை நோக்கும் படிப்பு ஒன்று வாங்கினேன். மின்விசிறி இரைச்சலுக்கு நடுவே ஒருவர் ஸ்லைடைப் பார்த்து அப்படியே வாசித்தார். படங்கள் முழுக்க ஐரோப்பியப் பறவைகள். ஒரு கொண்டைக்குருவி, ஒரு தவிட்டுக்குருவி கிடையாது. பதினான்கு மாதத்தில் தளமே மூடிவிட்டது. வாழ்நாள் என்றது அவர்கள் வாழ்நாளை! சுற்றுச்சூழல் கல்விக்கு அடிப்படையாகச் சொல்லப்படும் 1977 திபிலிசி மாநாட்டுப் பரிந்துரையே நேரடி அனுபவம் வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறது. ஆன்லைன் படிப்பு என்றாலும், பக்கத்துக் குளத்தைப் போய்ப் பார், ஒரு வாரம் வீட்டுக் குப்பையை எடை போடு, எழுதி அனுப்பு என்று வேலை கொடுக்க வேண்டும். அனுப்பியதை ஒரு மனிதர் படித்துத் திருத்த வேண்டும். பணம் கட்டும் முன் நான் இப்போது கேட்பது ஒன்றுதான்: திருத்துவது யார்? பதில் வராவிட்டால் கட்டுவதில்லை.

கே: 90% தள்ளுபடி, ஐந்து நிமிடத்தில் முடியும் என்று கடிகாரம் ஓடியதால் மூன்று பருவநிலைப் படிப்புகளை வாங்கிவிட்டேன். பார்க்க நேரமில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?

ப: நேரமில்லாதவர் ஏன் மூன்று வாங்கினீர்கள்? அந்தப் பக்கத்தை மூடிவிட்டு மறுபடி திறந்து பாருங்கள், கடிகாரம் திரும்பவும் ஐந்து நிமிடத்திலிருந்து ஓடும். இப்படிப் பொய் அவசரம் காட்டுவது 2023 இறுதியில் வந்த மத்திய அரசு வழிகாட்டுதலின்படி தடை செய்யப்பட்டது. ஓடுவதை வீடியோ எடுத்து 1915-க்குப் புகார் கொடுங்கள். பணம் வருமா என்பது அவர்கள் எழுதி வைத்திருக்கும் ரீஃபண்ட் கெடுவைப் பொறுத்தது. முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள். பருவநிலை பற்றி ஐ.நா.வின் யுஎன் சிசி:லேர்ன் தளத்தில் காசில்லாமலே படிக்கலாம், கடிகாரமும் இல்லை.