ஆணுறுப்பு அளவும் சுகமும்: வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்

இருபது வருடமாகப் பாலியல் நல ஆலோசனை அறையில் உட்கார்ந்திருக்கிறேன். அளவைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கூச்சப்படாமல் கேளுங்கள் என்று சொன்னேன், நிறைய வந்துவிட்டது. பெயர்களை எடுத்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

அண்ணே, வயது 27, தை மாதம் கல்யாணம். விறைத்த நிலையில் 12 சென்டிமீட்டர்தான் இருக்கிறது. பயமாக இருக்கிறது.

தம்பி, முதலில் எப்படி அளந்தீர்கள்? உங்களை மாதிரியே ஒருவர் என் முன்னால் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்து வைத்தார், 11-க்குப் பக்கத்தில் நீல மையில் ஒரு கோடு. ஸ்கேலின் ஓரத்துக்கும் சைபருக்கும் நடுவே கொஞ்சம் வெற்றிடம் இருக்குமே, அது கணக்கில் விட்டுப்போயிருந்தது, அடிவயிற்றுக் கொழுப்புக்குள் மறைந்திருப்பதையும் அவர் சேர்க்கவில்லை. இந்தக் கோட்டுக்காக மூன்று வருடம் பெண் பார்க்கவே போகாமல் இருந்திருக்கிறார். மருத்துவர்கள் மேல்பக்கமாக, ஸ்கேலை எலும்பில் படும்வரை அழுத்தி, மொட்டின் நுனிவரை அளப்பார்கள். அப்படி அளந்த ஆய்வுகளைச் சேர்த்து லண்டன் கிங்ஸ் கல்லூரிக்காரர்கள் 2015-இல் வெளியிட்ட கணக்கில் 15,000 பேருக்கு மேல் இருந்தார்கள்; விறைத்த நிலையில் சராசரி நீளம் 13.12 செ.மீ., சுற்றளவு 11.66 செ.மீ. கேரளத்தில் 301 ஆண்களை வைத்துச் செய்து 2007-இல் வந்த ஆய்விலும், விறைத்த நிலையில் அளந்தவர்களின் சராசரி 13.01 செ.மீ.தான். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஏறக்குறைய 10-க்கும் 16-க்கும் நடுவில் வந்துவிடுவார்கள். நீங்கள் நடுவிலேயே இருக்கிறீர்கள், நிம்மதியாகப் பத்திரிகை அடிக்கக் கொடுங்கள்.

சராசரி எல்லாம் சரி சார். பெரிதாக இருந்தால்தான் பெண்ணுக்குச் சுகம் என்கிறார்களே, உண்மையா?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். சாதாரண நேரத்தில் யோனியின் ஆழம் 7, 8 செ.மீ.தான், கிளர்ச்சி ஏற ஏற அது 10 செ.மீ. அளவுக்கு நீளும் என்று மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் 1966-இலேயே எழுதிவிட்டார்கள். அதிலும் தொடு உணர்வு அதிகம் இருப்பது வாசலை ஒட்டிய மூன்றில் ஒரு பங்கில். உள்ளே போகப் போக அது குறைந்துவிடும். உச்சத்துக்கு முக்கியமான உறுப்பு கிளிட்டோரிஸ், அது யோனிக்கு வெளியே, மேலே இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது பட்டாணி அளவுதான், மீதி உள்ளே இரண்டு பக்கமும் கால் விரித்த மாதிரிப் பரவியிருக்கிறது என்பதை ஆஸ்திரேலிய மருத்துவர் ஹெலன் ஓ'கானல் 1998-இல் விளக்கமாகக் காட்டினார். அமெரிக்காவில் 1,055 பெண்களிடம் கேட்டு 2018-இல் வெளியிட்ட ஆய்வில், உள்ளே போவது மட்டுமே உச்சத்துக்குப் போதும் என்றவர்கள் 18 சதவீதம்தான். மற்ற பலருக்கு விரலோ நாக்கோ வேண்டியிருக்கிறது, அதற்கெல்லாம் ஸ்கேல் எதற்கு?

ஆனால் அளவே ஒரு பொருட்டில்லை என்று உங்களிடம் பொய் சொல்லவும் மாட்டேன். சிலருக்கு நிறைந்தாற்போல இருப்பது பிடிக்கும், அதில் நீளத்தைவிடச் சுற்றளவைத்தான் அதிகம் சொல்கிறார்கள். கலிபோர்னியாவில் 75 பெண்களிடம் 33 மாதிரி உருவங்களைக் கொடுத்துப் பிடித்ததை எடுக்கச் சொன்னார்கள் (2015). அவர்கள் எடுத்தது சுமார் 16 செ.மீ. நீளமும் 12 செ.மீ. சொச்சம் சுற்றளவும் கொண்டவை. சராசரியைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான், செல்போனில் ஆபாசப் படம் பார்த்து நீங்கள் பயப்படுகிற அளவெல்லாம் இல்லை.

சின்ன வயதிலிருந்து கைப்பழக்கம். அதனால் சிறுத்துவிட்டதா?

இல்லை. கைப்பழக்கத்தால் நீளமும் குறையாது, நரம்பும் தளராது. குளிரிலும் பயத்திலும் எல்லோருக்கும் சுருங்கும், சுருங்கிய அளவை வைத்து விறைத்த அளவைச் சொல்லவும் முடியாது. நன்றாக இழுத்துப் பிடித்தும் சுமார் 7.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், அது மிக அபூர்வம்.

லேகியம், எண்ணெய், பம்ப், ஆபரேஷன், எதுவுமே பலன் தராதா?

மாதம் ஒரு ஊரில் லாட்ஜில் ரூம் போட்டு உட்காருகிற வைத்தியர்களிடம் தாலியை அடகு வைத்துப் பணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் கோபமாகவே சொல்கிறேன். எந்த எண்ணெயும் நீளத்தைக் கூட்டாது. 'ஆண்மை கூடும்' என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. மூலிகை என்று விற்பதில் வயாக்ரா மருந்தைக் கலந்துவிடுவதும் உண்டு, நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர் அதைத் தின்றால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. பம்ப் என்பது விறைப்புக் குறைபாட்டுக்கான கருவி, நிரந்தரமாக நீட்டாது. ஆபரேஷனில் தாங்கிப் பிடிக்கும் தசைநாரை வெட்டுவார்கள். தொங்கும்போது நீளமாகத் தெரியும், விறைக்கும்போது பிடிப்பில்லாமல் ஆடும்.

என் கணவருக்கு நீளம் அதிகம். எனக்குச் சுகத்தைவிட வலிதான்.

சகோதரி, இதை யாரும் கேட்பதில்லை, நீங்கள் கேட்டதற்கு நன்றி. கருப்பை வாயில் இடிப்பதால் இருக்கலாம். உடல் தயாராகும் முன்பே ஆரம்பித்தால் இன்னும் வலிக்கும், அதனால் அவசரம் வேண்டாம். நீங்கள் மேலே இருந்தால் எவ்வளவு ஆழம் என்பது உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். தண்ணீர் சார்ந்த ஜெல் வாங்கிக்கொள்ளுங்கள், ஆணுறை போடுகிறவர்கள் தேங்காய் எண்ணெய் தடவினால் ரப்பர் கிழிந்துவிடும். இதற்கும் வலி போகவில்லை என்றால் மகளிர் மருத்துவரைப் பாருங்கள், பொறுத்துக்கொண்டு போக வேண்டாம்.

வயது 48, சுகர் உண்டு. முன்பைவிடச் சிறியதாகிவிட்ட மாதிரி இருக்கிறது.

தொப்பை போட்டால் அடிப்பகுதி உள்ளே மறைந்துவிடும். ஆனால் விறைப்பே முழுதாக வரவில்லை என்றால் அதைத்தான் கவனிக்க வேண்டும். அங்கே போகும் ரத்தக்குழாய் இதயத்துக்குப் போவதைவிட மெல்லியது, அதனால் அடைப்பு வந்தால் முதலில் அங்கேதான் தெரியும். சுகர், பிரஷர், கொழுப்பு, ஈசிஜி எல்லாம் இந்த வாரமே பாருங்கள். புதிதாக வளைவோ கட்டியோ இருந்தால் யூராலஜிஸ்ட் என்கிற சிறுநீர்ப்பாதை மருத்துவரிடம் போங்கள்.

கல்யாணமாகி 4 வருடம். தனக்குச் சிறியது என்று நினைத்துக்கொண்டு அவர் இப்போது பக்கத்திலேயே வருவதில்லை. எனக்கு அது குறையே இல்லை. எப்படிச் சொல்ல?

அம்மா, 2006-இல் 52,000 பேரிடம் எடுத்த ஒரு கணக்கில் துணைவரின் அளவில் திருப்தி என்ற பெண்கள் 85 சதவீதம், தன் அளவில் திருப்தி என்ற ஆண்கள் 55 சதவீதம்தான். உங்கள் வீட்டில் நடப்பதும் இதுதான். "சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், 'சின்னது' மட்டும்தான் அவர் காதில் விழும். கட்டிலில் இந்தப் பேச்சு வேண்டாம், மொட்டை மாடியில் துணி மடிக்கும்போதோ வண்டியில் போகும்போதோ, அவர் செய்ததில் எது பிடித்தது என்று குறிப்பாக ஒன்றைச் சொல்லுங்கள். அப்புறம் இரண்டு மூன்று வாரம் உடலுறவே வேண்டாம், தொடுவது மட்டும் என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள், அவர் கையைப் பிடித்து எங்கே, எவ்வளவு மெதுவாக என்று நீங்களே காட்டுங்கள். அதற்கும் ஒதுங்கினால் ஆலோசகரிடம் இருவரும் சேர்ந்தே போங்கள், அவரைத் தனியாக அனுப்பாதீர்கள்.