14 லட்சம் கட்டி லண்டன் முதியோர் இல்ல வேலை: முந்திரித் தோப்பை வைக்கலாமா?

கேள்வி: பண்ருட்டி பக்கம் கிராமம். மகள் ஜிஎன்எம் (செவிலியர் பட்டயப் படிப்பு) முடித்துவிட்டு புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் 18,000 ரூபாய் சம்பளத்தில் இருக்கிறாள். இங்கிலாந்தில் முதியோரைக் கவனிக்க ஆளே கிடைப்பதில்லை, இரண்டு மாதத்தில் விசா வந்துவிடும் என்கிறார் ஏஜெண்ட். மொத்தம் 14 லட்சம் கேட்கிறார். நகையை வங்கியில் வைத்து 6 லட்சமும், முந்திரித் தோப்பின் பேரில் தெரிந்தவரிடம் ரெண்டு வட்டிக்கு 8 லட்சமும் புரட்டலாம் என்றிருக்கிறேன். செய்யலாமா?

பதில்: வேண்டாம். இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்றால் இத்தோடு நிறுத்திவிடுங்கள்.

ஆள் பஞ்சம் என்று ஏஜெண்ட் சொல்வது பொய்யில்லை. பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பான் மூன்றிலும் வயதானவர்கள் பெருகிவிட்டார்கள், பார்த்துக்கொள்ளக் கை போதவில்லை. ஆனால் ஆள் தேவை வேறு, விசா வேறு. பராமரிப்பாளர் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை பிரிட்டன் 2025 ஜூலை 22 முதல் நிறுத்திவிட்டது. "விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று அடுத்த அம்பை விடுவார். விசிட் விசாவில் போனவர் அங்கிருந்தபடியே வேலை விசாவுக்கு மாற முடியாது.

கதவு திறந்திருந்த காலத்திலும் எல்லாம் சுகமாக இல்லை. 2022 ஜூலை முதல் 2024 டிசம்பர் வரை மட்டும் 470-க்கும் மேற்பட்ட பராமரிப்பு நிறுவனங்களின் ஸ்பான்சர் உரிமத்தை (வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுக்கும் அனுமதியை) அந்த நாட்டு அரசு ரத்து செய்தது. உரிமம் போனால் வேலை பார்ப்பவரின் விசாவும் ஆட்டம் காணும். வழக்கமாக 60 நாளுக்குள் வேறு ஸ்பான்சர் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் ஊர் திரும்ப வேண்டும். இங்கே வட்டி மட்டும் நிற்காது.

அந்த வட்டியைப் போட்டுப் பாருங்கள். நகைக்கடன் 6 லட்சத்துக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் என்றால் மாதம் 5,000. தோப்புக் கடன் 8 லட்சத்துக்கு ரெண்டு வட்டி என்றால் மாதம் 16,000. ஆக 21,000. மகளின் முழுச் சம்பளமும் போதாது, அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. இதில் நகைக்கடன் பெரும்பாலும் 12 மாதக் கெடு. விசா இழுத்தடித்து, இடையில் வட்டியும் கட்டாமல் ஆண்டு முடிந்தால் 6 லட்சத்து 60 ஆயிரத்தை மொத்தமாகக் கட்டித் திருப்ப வேண்டும். தவறினால் நோட்டீஸ், பிறகு ஏலம்.

தோப்பில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. தனியாரிடம் கடன் வாங்கும்போது அடமானப் பத்திரத்துக்குப் பதிலாக கிரய ஒப்பந்தமோ பவரோ பதிவு செய்யச் சொல்வார்கள். விற்கும் அதிகாரத்தோடு பவர் எழுதிக் கொடுத்துவிட்டால், நீங்கள் வட்டி ஒழுங்காகக் கட்டினாலும் தோப்பு அவர் கையில்தான். "தெரிந்தவர்" என்பதெல்லாம் பத்திரத்தில் வராது.

ஏஜெண்டைச் சோதிப்பது சுலபம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983 குடியகல்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு, மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பெயரும் முகவரியும் பொருந்துகிறதா பாருங்கள். பதிவு பெற்றவரே வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. 14 லட்சம் எங்கே, இது எங்கே!

மகளை வெளிநாட்டுக்கே அனுப்பக் கூடாது என்று சொல்லவில்லை. ஜிஎன்எம் படித்த பெண்ணை உதவியாளர் வேலைக்கு அனுப்புவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. ஜெர்மனியில் செவிலியராகவே போகலாம். ஜெர்மன் மொழியில் பி2 நிலை (ஓரளவு சரளமாகப் பேசி எழுதும் நிலை) வரை வர வேண்டும், வேலையை விடாமல் படித்தால் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். ஆள் தேவைப்படும் முதலாளிகள் பலர் மொழிப் படிப்பு, மொழிபெயர்ப்பு, விமான டிக்கெட் செலவை ஏற்கிறார்கள். ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: இடையில் வேலையை விட்டால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும், எத்தனை ஆண்டு வரை. தொகை எழுதாத ஒப்பந்தத்தில் கையெழுத்து வேண்டாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள்.

ஜப்பான் என்றால் என்4 அளவு (அடிப்படை நிலை) ஜப்பானிய மொழியும், பராமரிப்புத் திறன் தேர்வும், பராமரிப்புப் பணிக்கான ஜப்பானிய மொழித் தேர்வும் வேண்டும். ஆனால் அப்படிக் கிடைக்கும் முதல் விசாவில் ஐந்து ஆண்டுதான், குடும்பத்தை அழைத்துப் போக முடியாது.

இப்போதே செய்ய வேண்டியது, சான்றிதழ்களை எடுத்து மேசையில் பரப்புவது. பத்தாம் வகுப்புச் சான்றில் "ஆர்." என்று இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, நர்சிங் கவுன்சில் பதிவில் வேறு எழுத்து என்றிருந்தால் சரிபார்ப்பில் மாதக்கணக்கில் நிற்கும். இதைச் சரிசெய்ய ஆகும் செலவு சில ஆயிரம்தான். படிப்புக்கும் தேர்வுக்கும் ஒன்றரை லட்சம் ஒதுக்குங்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்ததுபோகக் குறைந்தால், அந்த அளவுக்கு மட்டும் நகையை வங்கியில் வையுங்கள். தோப்பைத் தொட வேண்டாம்.

முன்பணம் ஏற்கெனவே கொடுத்திருந்தால், பணம் போன வங்கி விவரம், வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்காமல் சென்னையிலுள்ள குடியகல்வுப் பாதுகாவலர் (வெளிநாட்டு வேலைக்குப் போவோரின் நலனைக் கவனிக்கும் மத்திய அரசு அதிகாரி) அலுவலகத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், காவல் நிலையத்திலும் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள். மீதியைக் கட்டினால்தான் முன்பணம் திரும்பும் என்று அவர் சொன்னால், ஒரு பைசாவும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.