வீட்டில் வராத ஆசை சந்தியில் ஏன் வருகிறது?

கேள்வி: எனக்கு 22 வயது. கிளிநொச்சியைச் சேர்ந்தவன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். திருநெல்வேலியில் அறை எடுத்து நண்பனோடு தங்கியிருக்கிறேன். முதலாம் வருடத்தில் பகிடிக்குப் பத்தத் தொடங்கி, இப்போது நாளுக்கு ஆறேழு சிகரெட். முதலாவது பத்து மணிப் பிளேன்ரீயோடு. லீவுக்கு வீட்டுக்குப் போனால் ஒரு கிழமை தொடவே மாட்டேன். அப்படியென்றால் நான் அடிமையில்லைத்தானே? படிப்பு அழுத்தம்தான் காரணமா? அறை நண்பன் மட்டும் ஏன் பழகவில்லை?

மருத்துவர் பதில்: தம்பி, நிக்கொட்டினில் ஆழமாகச் சிக்கியவர் கண்விழித்து அரை மணித்தியாலத்துக்குள் சிகரெட் தேடுவார். நீங்கள் பத்து மணிவரை தாங்குகிறீர்கள். உடல் இன்னும் அவ்வளவு சிக்கவில்லை. ஆனால் பழக்கம் இடத்தோடும் ஆட்களோடும் முடிச்சுப் போட்டுவிட்டது. வீட்டில் அந்தத் தேநீர்க் கடை இல்லை, சீனியர் அண்ணாமார் இல்லை, அப்பா இருக்கிறார். லீவு முடிந்து பரமேஸ்வராச் சந்தியில் இறங்கினதும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும்.

மாணவரிடம் இது தொடங்குவதற்கு முதற் காரணம் அழுத்தமல்ல, கூட்டாளிகள். ஊரைவிட்டு வந்து ஆளைத் தெரியாத நாட்களில் ஒருவர் நீட்டும் சிகரெட்டை மறுப்பது கடினம். அடுத்தது, கடையில் ஒற்றையாக வாங்கலாம். பெட்டியில் 80 வீதத்தை மறைக்கும் எச்சரிக்கைப் படம் ஒற்றைச் சிகரெட் வாங்குபவர் கண்ணில் படுவதேயில்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக்கூடாது. முதலாம் வருடப் பெடியனிடம் வயதை எந்தக் கடைக்காரர் கேட்கிறார்?

அழுத்தம் பிறகுதான் வந்து சேரும், அதிலும் பாதி, சிகரெட்டே உண்டாக்கியது. இழுத்த பத்து விநாடியளவில் நிக்கொட்டின் மூளையை அடையும். ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் இரத்தத்தில் பாதியாகக் குறையும். அப்போது வரும் எரிச்சலையும் கவனச் சிதறலையும் அடுத்த சிகரெட் தணிக்கும். பரீட்சைப் பயம் தணிந்ததாக நீங்கள் நினைப்பீர்கள்.

நண்பன் தப்பியதற்குப் பல காரணங்கள் இருக்கலாம்: வீட்டில் சுருட்டோ சிகரெட்டோ புகைப்பவர் இல்லாதது, மனச்சோர்வோ பதற்றமோ இல்லாதது, நிக்கொட்டினை உடல் உடைக்கும் வேகம். கடைசியானது பரம்பரையாக வருவது.

நிறுத்தும் நாளைப் பரீட்சைக் கிழமையில் வைக்காதீர்கள். அடுத்த லீவின் முதல் நாளே தோது. நிறுத்தியபின் மிக மோசமானவை முதல் இரண்டு மூன்று நாட்கள். அவற்றை வீட்டில் ஏற்கெனவே பலமுறை கடந்திருக்கிறீர்கள். நீங்கள் ஆயத்தம் செய்யவேண்டியது திரும்பி வரும் நாளுக்கு. போகுமுன்பே லைட்டரை எறியுங்கள். வந்தபின் மூன்று கிழமைக்கு அந்தக் கடைப் பக்கம் போகாமல், பத்து மணித் தேநீரை அறை நண்பனோடு வேறிடத்தில் குடியுங்கள். மற்றவர்களிடம் “எனக்கு நீட்டாதேங்கோ” என்று ஒருதரம் சொன்னால் போதும், விளக்கம் தேவையில்லை. ஆசை எழும்பினால் பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தணியும்; தண்ணீர் குடித்து, எழும்பி நடவுங்கள்.

தேநீர், கோப்பியைப் பாதியாக்குங்கள். சிகரெட் புகை, அவற்றிலுள்ள கஃபீனை உடல் வேகமாக வெளியேற்றச் செய்கிறது. நிறுத்தியபின் அதே அளவு குடித்தால் படபடப்பும் நித்திரையின்மையும் வரும். பலர் இதைச் சிகரெட் இல்லாத குறை என்று எண்ணி மீண்டும் பத்துகிறார்கள்.

‘இனி நாளுக்கு இரண்டு’ என்ற கணக்கு அநேகமாகப் பிழையாகிவிடும். குறைத்தவர் ஒவ்வொன்றையும் ஆழமாக இழுத்துச் சமன் செய்வார். பிறந்தநாள் கூட்டம், அதுவும் மதுவோடென்றால், முதல் மாதம் தவிருங்கள்.

தாங்க முடியாவிட்டால் 2 மில்லிகிராம் நிக்கொட்டின் சுவிங்கம் உதவும். காரம் தெரியும்வரை மெல்ல மென்று, கன்னத்துக்கும் முரசுக்கும் இடையில் ஒதுக்குங்கள்; காரம் குறைந்தால் மீண்டும் மெல்லுங்கள். ஒன்று அரை மணித்தியாலத்துக்குப் போதும். விடாமல் மென்று விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிவும்தான் மிச்சம். சுவிங்கம் மெல்லுவதற்கு முன் கால் மணித்தியாலம் கோப்பி, சோடா, பழச்சாறு வேண்டாம், நிக்கொட்டின் சரியாக உறிஞ்சப்படாது.

தொலைபேசியில் ஆலோசனை பெற 1948 இலக்கம் இருக்கிறது. இரண்டு கிழமைக்கு மேல் மனம் சோர்ந்தே கிடந்தாலோ இருமல் நீடித்தாலோ வைத்தியரிடம் நேரில் காட்டுங்கள். சளியில் இரத்தம் கண்டால் அன்றைக்கே போங்கள்.